கீரிமலையில் மலை இல்லை: இறக்கத்துச் சப்பாத்து வாங்கிய கதைகள்

கோண்டாவில் ஓட்டி:

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மலையிறக்கச் சைக்கிள் சப்பாத்தைப் பற்றிக் கதைக்கிறானே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். எங்கள் பக்கம் ஏற்றம் என்றால் ரயில் கடவை மேடுதான். கீரிமலைக்குக்கூடப் பெயரில் மட்டும்தான் மலை. ஆனாலும் வருடத்தில் இரண்டு மூன்று தடவை சைக்கிளைக் கழற்றிக் கட்டி மலைநாட்டுக்குக் கொண்டுபோகிற நாலைந்து பேர் இங்கே இருக்கிறோம். டவுன்ஹில் (மலையிறக்கப் போட்டி), எண்டியூரோ (இறக்கங்களுக்கு மட்டும் நேரம் கணக்கிடுகிற நீண்ட மலைப் போட்டி) எல்லாம் வீடியோவில் பார்த்துப் பிடித்த பைத்தியம்.

போன வருடம் கிளிப்லெஸ் பெடலுக்கு மாறினேன். பெயரே குழப்பம். காலைப் பூட்டுகிற பெடலுக்குக் கிளிப் இல்லாதது என்று பெயர். முன்பு விரலை மூடுகிற கம்பிக் கூட்டையும் வாரையும்தான் கிளிப் என்றார்கள். அது போனதும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது சப்பாத்தின் அடியில் இருக்கிற க்ளீட் என்ற சின்ன இரும்புத் துண்டு பெடலில் போய்ப் பூட்டும். குதிக்காலை வெளிப்பக்கம் திருப்பினால் கழரும்.

முதல் நாளே கடவையில் கேற் மூடியிருந்தது. நின்றேன். நின்ற பிறகுதான் கால் பூட்டிக் கிடப்பது நினைவுக்கு வந்தது. வெட்டிய வாழை மாதிரி வலப்பக்கம் சாய்ந்தேன். பக்கத்தில் மீன்பெட்டியோடு நின்ற ஐயா, "தம்பி, உந்தச் சப்பாத்து சைக்கிளோட ஒட்டிப் பிடிச்சிட்டுதோ?" என்று கேட்டார். முழங்கையைவிட மானம்தான் கூட உரஞ்சுப்பட்டது.

உண்மையான பிழை அப்புறம்தான் தெரிந்தது. நான் வாங்கியது காபன் அடி வைத்த, மெல்லிய, பாரமில்லாத கிராஸ்கன்ட்ரி சப்பாத்து, அதாவது ஏற்றமும் இறக்கமுமாக வேகமாக ஓடுகிற போட்டிக்கானது. மலைநாட்டில் லிப்டன் சீட் என்ற உச்சியிலிருந்து தம்பேதென்ன தேயிலைத் தொழிற்சாலைப் பக்கம் இறங்கும்போது, தோட்டத்துக்குள் பிரிகிற ஒரு கல்லுப் பாதையில் இறங்கி நடக்கவேண்டி வந்தது. மழை பெய்து முடிந்த நேரம். லாடம் அடித்த மாடு சீமெந்துத் தரையில் நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதே நடை. ஒரு கால் வழுக்கிக் கானுக்குள் போனது. ஓடும்போதும் ஒவ்வொரு கல்லும் நேரே குதிக்காலில் வந்து அடித்தது. விரல் நுனி ஒரு பாறையில் பட்டு, பெருவிரல் நகம் இரண்டு கிழமையில் கறுத்துக் கழன்றது.

இனி இறக்கத்துக்கென்றே ஒன்று வாங்கப்போகிறேன். வாங்கிப் பட்டுத் தெளிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடமராட்சியான்:

தம்பி, நானும் அந்த வாழைமர விழுகை விழுந்தவன்தான். நெல்லியடிச் சந்தியில், பஸ்ஸில் நிறையச் சனம் பார்த்துக்கொண்டிருக்க.

நான் மூன்று சோடி மாற்றிய பிறகு விளங்கிய விசயம் இது: சப்பாத்தைத் தனியாகப் பார்த்து வாங்கக்கூடாது. பெடலைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கவேண்டும். இறக்கத்துக்கான பெடலில் பூட்டைச் சுற்றி அகலமான சட்டம் இருக்கும். சப்பாத்தின் ரப்பர் அந்தச் சட்டத்தில் மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் கால் ஆடாது. என் முதல் சோடியில் ரப்பர் மிகவும் தடிப்பு. க்ளீட் குழிக்குள் ஆழப் போய்விட்டது. பூட்டுவதற்கு ஓங்கி உதைக்கவேண்டும், கழற்றுவதற்கு அதைவிடக் கூட. க்ளீட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு வைத்த பிறகு சரிவந்தது. இரண்டாவது சோடியில் நேரெதிர்: ரப்பர் சட்டத்தைத் தொடவே இல்லை, பனிக்கட்டியில் நிற்கிற மாதிரி. இப்போது நான் செய்கிற சோதனை, பூட்டிய பிறகு இடையில் ஒரு பழைய பஸ் டிக்கெட்டைச் செருகி இழுப்பது. கொஞ்சம் பிடித்துக்கொண்டு வந்தால் நல்லது. சும்மா விழுந்தால் இடைவெளி கூட. வரவே மாட்டேன் என்றால் நீங்கள் விழப்போகிறீர்கள்.

அடுத்தது க்ளீட் பூட்டுகிற நீளத் துளை. அது பின்பக்கம் எவ்வளவு தள்ளிப் போகிறது என்று சப்பாத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். ரோட்டில் ஓடுபவர்கள் பெருவிரல் மொளிக்குக் கீழே வைப்பார்கள். இறக்கத்தில் அதைவிடப் பின்னுக்கு, உள்ளங்காலின் வளைவை நோக்கித் தள்ளி வைத்தால் குதிக்காலைக் கீழே அமர்த்தி நிற்கலாம், கெண்டைக்கால் களைக்காது. பாய்ந்து விழும்போது கணுக்காலும் மடங்காது. கிராஸ்கன்ட்ரி சப்பாத்தில் இவ்வளவு பின்னுக்குப் போக முடியாது. உங்கள் குதிக்கால் வலிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

க்ளீட்டிலும் வித்தியாசம் உண்டு. சிமானோ கொம்பனியின் எஸ்பிடி என்ற பூட்டுப் பெடலோடு வழமையாக வருவது கறுப்பு நிற எஸ்எச்51. பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் கழரும். வெள்ளி நிற எஸ்எச்56 பல பக்கத்தாலும் கழரும். பழகும்வரை 56 நல்லது. கடவையில் மானம் காக்கும். ஆனால் கரடுமுரடான இறக்கத்தில் குதிக்கால் எகிறும்போது தானாகவே கழன்றுவிடலாம். அதனால் பழகிய பிறகு 51. பெடலின் இறுக்கத்தை 3 மில்லிமீற்றர் அலன் கீயால் முதலில் நன்றாகத் தளர்த்தி வையுங்கள்.

இன்னொன்று, கடல்காற்று. வல்வெட்டித்துறையில் ஒரு மாரி முழுக்கக் கழற்றாமல் விட்ட க்ளீட் ஆணி, பிறகு கழரவே இல்லை. கடைசியில் துளைபோட்டு எடுத்தோம். பூட்டும்போதே கிரீஸ் பூசுங்கள். 5 முதல் 6 நியூட்டன் மீற்றர் இறுக்கம் போதும்.

செருப்போடு ஓடுபவன்:

காலைப் பூட்டத்தான் வேண்டுமா அண்ணைமாரே? அவுஸ்திரேலிய ஓட்டவீரர் சாம் ஹில் பூட்டில்லாத தட்டைப் பெடலில் ஓடித்தான் 2017, 2018, 2019 மூன்று வருடமும் எண்டியூரோ உலகத் தொடரை வென்றார். நான் பாட்டாவோடு மணற்காட்டு மணல்மேடு இறங்கியவன். அங்கே விழுந்தாலும் மெத்தைதான்.

வடமராட்சியான்:

மணலில் பாட்டா சரி. பாறையில் பாட்டாவோடு வா, நான் வீடியோ எடுக்கிறேன்.

பார்சல் பெட்டி:

என் அனுபவம் வேறு மாதிரி. கனடாவிலிருந்து மச்சான் பெட்டியில் போட்டு அனுப்பிய அருமையான இறக்கத்துச் சப்பாத்து. பாதம் நிலத்தில் படக்கூடாது என்று அலுமாரியில் பொலித்தீன் பையோடு பூட்டி வைத்தேன். ஐந்து வருடம். பிறகு ஒருநாள் எடுத்துப் போட்டு, வீட்டு ஒழுங்கை தாண்டுவதற்குள் அடி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, பழைய வெதுப்பிப் பாண் மாதிரி. டவுனில் சப்பாத்துத் தைக்கிற ஐயாவிடம் கொண்டுபோனேன். ஒரு தரம் அமர்த்திப் பார்த்துவிட்டு, "இது தைக்கிற வருத்தமில்லை, புதைக்கிற வருத்தம்" என்றார்.

பிறகு தேடி அறிந்தது: நடு அடியில் பொலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் நுரை போட்டிருந்தால் காற்றின் ஈரமும் வெக்கையும் சேர்ந்து அதை உள்ளுக்குள்ளேயே உடைக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் உடையும். பூட்டி வைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் உடையும். ஈவிஏ என்ற வேறு வகை நுரை அடியில் இந்தப் பிரச்சினை இல்லை, அது மெல்ல அமுங்கிப்போகும், அவ்வளவுதான். ஆகவே மலிவு விலையில் பழைய கையிருப்பு என்று யாரும் தந்தால் அடியைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். நனைந்தால் உள்ளே பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைத்து நிழலில் வையுங்கள். எங்கள் வெயிலில் முற்றத்தில் காயப்போட்டால் பசை விட்டுவிடும்.

கோண்டாவில் ஓட்டி:

எல்லோருக்கும் நன்றி. மச்சாள் ஒருவர் ஆவணியில் திருவிழாவுக்கு வருகிறார், அவரிடம் சொல்லியாயிற்று. சின்ன வயதிலிருந்து செருப்போடு திரிந்த கால் எனக்கு, முன்பக்கம் அகலம். அதனால் பின்னேரம், கால் வீங்கியிருக்கிற நேரத்தில், தடித்த காலுறையோடு குதிக்காலைச் சுவரில் முட்டி நின்று தாளில் கீறி, நீளமும் அகலமும் அளந்து அனுப்பினேன். 42 என்ற எண் ஒவ்வொரு கொம்பனியிலும் ஒவ்வொரு நீளம். எண்ணை மட்டும் சொல்லி வாங்கியதுதான் போன தடவை செய்த மடத்தனம்.

கேட்டிருப்பது இவ்வளவுதான்: அகலப் பதிப்பு, கடினமான விரல் மூடி, கிராங்க் (பெடல் பூட்டுகிற தண்டு) உரசாமல் உள்கணுவில் கொஞ்சம் உயர்ந்த கழுத்து, சப்பாத்துக் கயிற்றைச் சங்கிலி விழுங்காமல் மேலே ஒரு மூடி, நடக்கக்கூடிய ரப்பர் அடி. சோடி ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும் என்றார். பரவாயில்லை, நான் ஏறும்போது பாதித் தூரம் உருட்டுகிறவன்தானே.

மச்சாள் விலையைக் கேட்டுவிட்டு, "இந்தக் காசுக்குப் பெடலோடு ஒரு முழுச் சைக்கிளே வாங்கலாமே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வடமராட்சி அண்ணை, சப்பாத்து வந்ததும் பஸ் டிக்கெட்டோடு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வழியில் இரண்டு கடவை இருக்கிறது.