யூரிக் அமிலம்: கஷாயத்தை நம்பி மாத்திரையை விடலாமா?

தேவகோட்டை மகன்:
அப்பச்சிக்கு வயது 64. போன மாதம் நடுராத்திரியில் கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே துடித்தார். விடியும்வரை முகப்பில் உட்கார்ந்து, ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியில் பாதத்தை வைத்திருந்தார். யூரிக் அமிலம் 8.9 (ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம்). கீல்வாதம் (கவுட்) என்று மருத்துவர் கொடுத்த அலோப்யூரினால் மாத்திரையை வலி அடங்கியதும் நிறுத்திவிட்டு, முடக்கற்றான், கீழாநெல்லிக் கஷாயம் குடிக்கிறார். மாத்திரையை விடலாமா?

மூலிகைத் தோட்டம், கானாடுகாத்தான்:
தாராளமாக விடுங்கள் தம்பி. மூட்டு பிடித்தால் முடக்கற்றான் தோசை என்பது நம் ஆயாக்கள் கண்ட வழி. யூரிக் அமிலத்தை உண்டாக்குவது சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதி. அலோப்யூரினால் அதைத்தான் தடுக்கிறது. கோவையும் நொச்சியும் அதே நொதியைத் தடுப்பதை 2007இல் நம் நாட்டு ஆய்வாளர்களே வெளியிட்டார்கள். அலோப்யூரினாலோ சிலருக்குத் தோலை உரித்து உயிருக்கே உலை வைக்கிறது.

மருந்தாளுநர், காரைக்குடி:
அண்ணே, அதே ஆய்வில் நொதியைத் தடுத்த செடிகளில் ஊமத்தையும் எட்டியும் இருக்கின்றன. எட்டியை அரைத்து யாருக்காவது கொடுப்பீர்களா? இந்தச் சோதனையில் நொதியோடு, அது யூரிக் அமிலமாக மாற்றும் சாந்தீனையும் செடிச் சாற்றையும் கலந்து, எவ்வளவு யூரிக் அமிலம் உருவாகிறது என்று 290 நானோமீட்டர் ஒளியில் அளப்பார்கள். அந்தக் குழாயில் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. செடியிலுள்ள குவர்செட்டின் போன்ற வேதிப்பொருள்கள் குழாயில் நொதியை மடக்கும். வாய்வழி போனால் குடலும் கல்லீரலும் அவற்றை உருமாற்றிவிடும்.

தம்பி, வலி போனதைக் கஷாயத்தின் கணக்கில் எழுதாதீர்கள். இந்த வலி ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கும். யூரிக் அமிலம் 6.8ஐத் தாண்டினால் இரத்தத்தில் கரையாமல் அதன் உப்பு படிகமாகி மூட்டில் தங்கும். 6க்குக் கீழே இறக்கி, அங்கேயே நிறுத்த வேண்டும்.

மூலிகைத் தோட்டம், கானாடுகாத்தான்:
ஊமத்தையை நான் சொல்லவே இல்லை. குவர்செட்டினை நாள்தோறும் 500 மில்லிகிராம் நான்கு வாரம் கொடுத்தபோது ஆண்களுக்கு யூரிக் அமிலம் குறைந்ததே, அது குழாயா? கீல்வாத வலிக்கு நீங்கள் விற்கும் கோல்கிசின் மாத்திரையே நம் கண்வலிக் கிழங்கில் இருக்கும் சரக்குதான்.

மருந்தாளுநர், காரைக்குடி:
குறைந்தது உண்மை, குறைந்த அளவு சிறிது. அவர்கள் கீல்வாதக்காரர்களும் அல்லர். கண்வலிக் கிழங்கு என் பக்கத்துச் சாட்சி! பிரித்தெடுத்து அரை மில்லிகிராமாக அளந்தால் மருந்து. கிழங்கை அப்படியே தின்றவர்கள் செத்திருக்கிறார்கள். கோல்கிசினும் வீக்கத்தைத்தான் தணிக்கும், யூரிக் அமிலத்தைக் குறைக்காது. உங்கள் கஷாயத்தில் இன்று ஒரு பிடி இலை, நாளை ஒன்றரைப் பிடி. எந்த அளவை நம்புவது?

வளவு வீட்டு ஆச்சி:
ஞாயிறு தவறாமல் ஈரல் வறுவலும் கறிக்குழம்புமா? உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் மிகுந்த அதை முதலில் குறையுங்கள் அப்பா.

தேவகோட்டை மகன்:
ஈரல்தான் ஆச்சி, வாராவாரம். இன்று மறுபடியும் பார்த்தோம்: 9.1. கஷாயம் குடித்து இருபது நாள் ஆகிறது. நாளை மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன்.

மூலிகைத் தோட்டம், கானாடுகாத்தான்:
சரி, அந்த எண்ணோடு நான் வாதாடவில்லை. ஆனால் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கச் சொல்லுங்கள், சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தோலில் ஒரு தடிப்பு கண்டாலும் அன்றே நிறுத்திவிட்டு ஓட வேண்டும்.

மருந்தாளுநர், காரைக்குடி:
இதில் அண்ணன் சொல்வது அத்தனையும் சரி. முடக்கற்றான் தோசையை நிறுத்த வேண்டாம் தம்பி; கஷாயம் குடித்ததை மட்டும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.