மறு: ‘டபுள் டி’ காயிலுக்குத் தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்காக, மண்ணில் கிடக்கும் உலோகத்தைத் தேடும் கருவியின் (மெட்டல் டிடெக்டர்) ‘டபுள் டி’ காயிலுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்:

> ‘இரட்டை டி சுருள்’ என்றே வைத்துவிடலாமே, யாருக்கும் குழப்பம் வராது.

எங்கள் வீட்டிலேயே வந்துவிட்டது. பத்தாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகன் உதவிக்கு வந்திருந்தான். “இதுதான் இரட்டை டி” என்றேன். “எங்கே சித்தப்பா டி?” என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். D என்ற ஆங்கில எழுத்தின் வடிவத்துக்காக வைத்த பெயர் அது. தமிழில் ‘டி’ என்று எழுதிய நொடியே வடிவம் போய்விட்டது, ஓசை மட்டும் மிஞ்சியது. அந்த ஓசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, யாரையாவது ‘வாடி’ என்று கூப்பிடலாம்.

இரண்டு மாதமாக இந்தச் சுருளைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அதனால் முதலில் பொருள், அப்புறம் சொல்.

பலகையில் ஆணி அடித்து, 25 கேஜ் எனாமல் கம்பியில் (மோட்டார் ரீவைண்டிங் கடையில் எடை போட்டுத் தருவார்கள்) ஒரே அளவில் இரண்டு சுருள் சுற்றினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வளைவு, மறுபக்கம் நேர். ஒன்று அனுப்பும் சுருள், மற்றது வாங்கும் சுருள். நேர்ப்பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கவேண்டும். அனுப்பும் சுருளுக்குள் காந்தப்புலம் மேல்நோக்கிப் போகும்போது, வெளியே அது கீழ்நோக்கித் திரும்பி வருகிறது. வாங்கும் சுருளில் ஏறியிருக்கும் பகுதிக்கு மேல்நோக்கியது கிடைக்கிறது, ஏறாத பகுதிக்குக் கீழ்நோக்கியது. வரவும் செலவும் நேராகும் இடத்தில் வாங்கும் சுருளில் மின்னழுத்தம் அநேகமாக இல்லை. அந்த நேரத்தில் கீழே ஒரு காசு கிடந்தால், அதில் எழும் சுழல் மின்னோட்டம் கணக்கைக் கலைக்கும். கருவி கத்தும்.

அனுப்பும் சுருளுக்கு 10 கிலோஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் கொடுத்து, வாங்கும் சுருளின் மின்னழுத்தத்தை ஆஸிலோஸ்கோப் திரையில் பார்த்தபடி ஒரு சுருளை மற்றதன்மேல் தள்ளினேன். 2 வோல்ட்டில் தொடங்கியது, தள்ளத் தள்ள இறங்கி 5 மில்லிவோல்ட்டுக்கு வந்தது. அதற்கு மேல் ஒரு நூல் தள்ளினாலும் திரும்ப ஏறுகிறது. சரி என்று அப்படியே இறுக்கி ரெசின் ஊற்றினேன். மறுநாள் காலை 40 மில்லிவோல்ட். இறுகும்போது சூடாகி எங்கோ இழுத்திருக்கிறது. கடைசிச் சுற்றுக் கம்பியில் கொஞ்சத்தை ரெசினுக்கு வெளியே தளர்வாக விட்டு, பிறகு அதை வளைத்துச் சரிசெய்யவேண்டுமாம். கம்பி வீணான பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆக, இந்தச் சுருளின் உயிர் அந்த இரண்டு நேர்ப்பக்கங்களில் இருக்கிறது. கருவியின் கூர்மையும் அங்கேதான், முன்னும் பின்னுமாக நீண்ட கத்தி அலகு போல. நம் வடிவியல் பாடத்தில் வட்டத்தின் வளைந்த பகுதிக்கு வில், இரு முனையைச் சேர்க்கும் நேர்க்கோட்டுக்கு நாண். நாணேற்றிய வில்லை நிறுத்திப் பாருங்கள், அதேதான் இது. எனவே என் பரிந்துரை: இருவில் சுருள்.

அடுத்து, நண்பர் கேட்ட ‘நல்’ (null), அதாவது வாங்கும் சுருளில் மின்னழுத்தம் அநேகமாக இல்லாத அந்த நிலை. பட்டறையில் “நல் ஆச்சா?” என்றுதான் கேட்டுக்கொள்கிறோம், கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் எழுதும்போது நல்ல என்பதன் பாதி போல நிற்கிறது. ‘சுழிநிலை’ என்ற பரிந்துரை எனக்கு ஒப்பவில்லை. சுருள், சுழல் மின்னோட்டம், சுழிநிலை மூன்றும் ஒரே வரியில் வந்தால் படிப்பவருக்குத் தலை சுழலும். பள்ளிப் பாடத்தில் வீட்ஸ்டோன் சமனச்சுற்று இருக்கிறது, அதிலும் முள் அசையாத இடத்தைத்தான் தேடுகிறோம். அந்த வழியில் தூண்டல் சமனம் என்று வைக்கலாம். முழுதாகச் சமனமாகாமல் நிற்கும் அந்த 5 மில்லிவோல்ட்டுக்கு ‘மிச்சம்’ போதும், புதுச் சொல் தேவையில்லை.

கிரகாம் பெல் 1881இல் இதே தூண்டல் சமனத்தை வைத்துத்தான், சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேடினார். தொலைபேசிக் குழலைக் காதில் வைத்து, ஓசை இல்லாத நிலைக்குச் சரிசெய்துவிட்டுத் தேடியிருக்கிறார். குண்டு அகப்படவில்லை. மெத்தைக்கு அடியில் எஃகு ஸ்பிரிங் இருந்தது குழப்பிவிட்டது என்கிறார்கள்.

ஒரே சுருளில் மின்துடிப்புகளை விட்டுவிட்டு அனுப்பித் தேடும் துடிப்புவகைக் கருவிக்கு இந்தச் சமனச் சிக்கல் எதுவும் இல்லை. அதற்கு ‘ஒற்றைச் சுருள்’ என்ற பெயரே சரி.

அன்புடன்.

---

மறு: மறு:

வணக்கம் ஐயா. விளக்கம் அருமை, ஆனால் ‘வில்’லில் எனக்கு ஒரு தடக்கு இருக்கு. யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த புத்தகங்களில் ஸ்பிரிங் தராசுக்கு விற்றராசு என்று பெயர். உங்கள் பக்கமும் ஸ்பிரிங்குக்குச் சுருள்வில் என்றுதானே எழுதுகிறீர்கள்? இருவில் சுருள் என்றால் ரெண்டு ஸ்பிரிங் பூட்டின ஏதோ சாமான் என்றுதான் என் மனதில் வந்தது. பெல்லின்ட கதையில் கெடுத்ததும் அந்த வில்தானே!

தூண்டல் சமனம் எனக்குச் சம்மதம்.

---

மறு: மறு: மறு:

மாட்டிக்கொண்டேன். சுருள்வில்லையும் வில்சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், தாங்காது. கார்ஃபீல்டின் மெத்தை ஸ்பிரிங்கை நானே எழுதிவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

வில்லைக் கழற்றிவிட்டு நாணை வைத்துக்கொள்வோம்: இருநாண் சுருள். வேலை செய்யும் பாகமும் அதுதான். ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடத்தை ‘நாணிடை’ எனலாம், “நாணிடை 3 சென்டிமீட்டர் வை” என்று ஒரே மூச்சில் சொல்ல வருகிறது. அண்ணன் மகனிடம் சொல்லிப் பார்த்தேன். விளக்காமலே நேர்ப்பக்கத்தில் விரலை வைத்தான்.

வேறு மறுப்பு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். இன்று இரவு இரண்டாவது இருநாண் சுருளுக்கு ரெசின் ஊற்றுகிறேன், இந்தமுறை கடைசிச் சுற்று வெளியே. மிச்சம் எவ்வளவு என்று காலையில் எழுதுகிறேன்.