கிராம சபையில் யாரும் வாய் திறப்பதில்லை: டாஸ்மாக் தீர்மானத்தை எப்படிக் கொண்டுவருவது?

வைகைக்கரை:
எங்கள் ஊராட்சியில் சுமார் 2,800 பேர். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே டாஸ்மாக் கடை. டீக்கடையில் இதைப் பேசாத ஆள் இல்லை. கிராம சபையில் எழுந்து பேச ஒருவர்கூட இல்லை. கேட்டால் "நமக்கு எதுக்குங்க வம்பு" என்கிறார்கள். கையெழுத்துப் போட்டதும் கலைந்துவிடுகிறார்கள். அக்டோபர் 2 கூட்டத்தில் இதைத் தீர்மானமாக்க என்ன வழி?

தராசு:
அக்கறை இல்லாமல் யாரும் வாயை மூடிக்கொள்வதில்லைங்க. கடைக்கு இடம் வாடகைக்கு விட்டவர் ஊரில் பெரிய கையாக இருப்பார். நூறு நாள் வேலைக்கும் வீட்டுத் திட்டத்துக்கும் அவர் ஆட்களிடமே போய் நிற்க வேண்டியிருக்கும். அதனால் தனி ஆளை எழுப்பிப் பேசவைக்க நினைக்காதீர்கள், மனுவைப் பேசவையுங்கள்.

கூட்ட அறிவிப்பு 7 நாள் முன்பே வர வேண்டும். நீங்கள் அதற்கும் முந்தி, தலைவரிடம் (தலைவர் இல்லாத ஊரில் தனி அலுவலரிடம்) இதைக் கூட்டப்பொருளில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். நகல் பிடிஓவுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்). மகளிர் குழுக்கள் வழியாக 40, 50 கையெழுத்து வாங்கினால் யார் ஆரம்பித்தது என்ற பேச்சே எழாது. இன்னொரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

உங்கள் ஊருக்குக் கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தபட்ச வருகை, 100 பேர் (மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை). வருகைப் பதிவேட்டில் 100 கையெழுத்து விழுந்தாலே கூட்டம் செல்லும். சில ஊர்களில் கையெழுத்து வாங்க, நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே பதிவேடு போய்விடும், தீர்மானப் புத்தகத்தில் இடம் விட்டுவைத்துப் பிறகு நிரப்புவார்கள். யாரும் பேசாமலே 'ஏகமனதாக' என்று பதிவாவது இப்படித்தான். எழுதியதை அங்கேயே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், அதுவரை பத்துப் பேராவது உட்கார்ந்திருங்கள். பற்றாளராக (கூட்டத்தைப் பார்வையிட) வரும் அலுவலர் முன்னிலையில் கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம்.

கருவேலம்:
வாசகத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். "கோரிக்கை வைக்கப்பட்டது" என்று எழுதினால் அது தீர்மானமே இல்லை. "தீர்மானிக்கப்பட்டது" என்று முடிய வேண்டும். கடை எண், சர்வே எண், பள்ளி தொடங்கிய ஆண்டு, அளந்த தூரம் மீட்டரில், எல்லாம் உள்ளே வரட்டும். 2003ஆம் ஆண்டு மதுபான சில்லறை விற்பனை விதிகளின்படி பள்ளி, வழிபாட்டுத் தலத்திலிருந்து மாநகராட்சி, நகராட்சியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளித்தான் கடை இருக்க வேண்டும். கடை வந்த பிறகு தொடங்கிய பள்ளி என்றால் இந்த விதி கைகொடுக்காது. அதை முதலில் பாருங்கள்.

தீர்மானம் போட்ட மறுநாளே கடை மூடிவிடாது, ஆட்சியர்தான் முடிவெடுப்பார். அதனால் தீர்மானத்தோடு நிற்காமல் தொடர வேண்டும். மேலூர் பகுதி ஊராட்சிகள் 2024 நவம்பர் 23 கிராம சபைகளில் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டன. பின்னால் ஆயிரக்கணக்கானோர் மதுரை வரை பேரணியும் போனார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

நெல்மணி:
ஒன்று சேர்க்கிறேன். ஊரில் சாதிப் பதற்றம் இருந்தால், காலனிக்காரர்களை முதலில் பேசச் சொல்லி முன்னால் தள்ளாதீர்கள். 1997-ல் மேலவளவில் பட்டியலினத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசனையே வெட்டிக் கொன்றார்கள். தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 2006 வரை ஒழுங்காகத் தேர்தலே நடத்த முடியவில்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கூட்டம் நடக்கும் இடத்தையும் கவனியுங்கள். மதச்சார்புள்ள வளாகத்தில் நடத்தக் கூடாது. எல்லாத் தெருக்காரர்களும் தயங்காமல் வந்து உட்காரும் பொது இடமாகக் கேளுங்கள்.

வைகைக்கரை:
நன்றிங்க. கூட்டத்தில் படித்துவிட்டு, புத்தகத்தில் வேறு மாதிரி எழுதினால்?

தராசு:
ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள், கட்டணம் 10 ரூபாய். தீர்மானப் பக்கங்கள், வருகைப் பதிவேடு இரண்டின் நகலையும் ஒரே மனுவில் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எழுதியது மாறியிருந்தால் அந்த நகலோடு, கூட்டத்தில் எடுத்த வீடியோவையும் சேர்த்து, திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான்.