மண்புழு இல்லை, வேர்ப்பூச்சி: ஒழிக்கும் முறையில் ஒரு மார்க்கச் சந்தேகம்

கத்தரிப்பாத்தி:
அஸ்ஸலாமு அலைக்கும். தக்காளி, வெண்டை, கத்தரி மூன்றும் போட்டிருக்கிறேன். தக்காளி நாற்று காலையில் போய்ப் பார்த்தால் கத்தரிக்கோலால் நறுக்கிய மாதிரி தரையோடு சாய்ந்து கிடக்கிறது. வெண்டை ஈரம் இருந்தும் மத்தியானம் வாடுகிறது, பிடுங்கினால் வேர் பூராவும் முண்டு முண்டாக வீக்கம். கத்தரிக்குப் பக்கத்தில் எறும்புப் புற்று வேறு. வீட்டுப் பெரியவர்கள் வழக்கம்போல மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்து என்கிறார்கள். உயிரை நெருப்பால் வதைக்கக் கூடாது என்று ஹஸ்ரத் (பள்ளிவாசல் இமாம்) பயானில், அதாவது மார்க்க உரையில், கேட்டிருக்கிறேன். இன்னொருத்தர் பாலித்தீன் விரித்து மண்ணை வெயிலில் வேகவை என்கிறார். அதுவும் எரிப்பதில்தான் சேருமா? இல்லை, பூச்சியைக் கொல்வதே தப்பா?

மண்வெட்டி:
மார்க்கத்தைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும், நான் மண்ணைப் பற்றிச் சொல்கிறேன். உங்களிடம் இருப்பது மூன்று தனித்தனிப் பிரச்சினை.

தக்காளியை அறுப்பது வெட்டுப்புழு. சாய்ந்த நாற்றைச் சுற்றி ஓரிரு அங்குலம் விரலால் கிளறுங்கள், எண்ணெய் பூசின மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்று வளையமாகச் சுருண்டு கிடக்கும். பகலில் மண்ணுக்குள் தூக்கம், ராத்திரி வேலை. டார்ச்சோடு போய்ப் பொறுக்கினாலே நன்றாகக் குறையும். புது நாற்றுக்குத் தண்டைச் சுற்றி அட்டைக் குழாய் செருகுங்கள், பாதி மண்ணுக்குள் இறங்கணும்.

வெண்டையில் இருப்பது வேர்முடிச்சு நூற்புழு. பயறு வேரில் வரும் முடிச்சை நகத்தால் தள்ளினால் கழன்றுவிடும், இது கழலாது, வேரே வீங்கியிருக்கும். ஒரு பெண் புழு முட்டைகளை நூற்றுக்கணக்கில் இடும், சூடான மண்ணில் ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். தக்காளி, கத்தரி இரண்டையும் பிடிக்கும் என்பதால் அவற்றை அந்த இடத்துக்கு மாற்றிப் புண்ணியமில்லை. இந்தப் போகத்தைப் பெரிதாகக் காப்பாற்ற முடியாது, காய்ப்பு முடிந்ததும் வேரை ஒன்றுவிடாமல் பிடுங்கி வெளியே கொண்டுபோங்கள், குப்பைக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அப்புறம் அடியுரமாக வேப்பம் பிண்ணாக்கு ஏக்கருக்கு 100 கிலோ. செண்டுமல்லி நல்ல பலன் தரும், ஆனால் ஓரத்தில் அழகுக்கு நாலு செடி வைத்தால் ஒன்றும் நடக்காது, அந்தப் பாத்தி முழுக்க நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் நிற்கணும்.

வெயிலில் வேகவைப்பதென்றால் மண்ணை நனைத்து, கறுப்பு இல்லாத தெளிவான பாலித்தீனை இறுக்கி விரித்து, கோடையில் 4 முதல் 6 வாரம்.

எறும்பை முதலில் தோண்டிப் பாருங்கள். வேர்ப்பட்டையைக் கொறிக்கிறதா, இல்லை இலையில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி விடும் தேன்போன்ற கசிவுக்காகத்தான் ஏறி இறங்குகிறதா? பெரும்பாலும் இரண்டாவதுதான். அப்படியானால் அசுவினியைக் கவனியுங்கள், புற்றை விட்டுவிடலாம்.

ஹுத்ஹுத்:
வ அலைக்குமுஸ்ஸலாம் பாய். கொல்வதே கூடாது என்றில்லை. தீங்கு செய்யும் தேள், எலி போன்றவற்றை மக்காவின் புனித ஹரம் எல்லையிலேயே கொல்ல அனுமதி உண்டு என்று ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. பயிரை அழிக்கும் பூச்சிக்கும் அதே அடிப்படையைத்தான் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) எடுக்கிறார்கள். பேச்சு எப்படிக் கொல்வது, எவ்வளவு கொல்வது என்பதில்தான். ஒரு நபியை ஓர் எறும்பு கடித்தது, அவர் புற்றையே எரிக்கச் சொன்னார், கடித்தது ஒன்றுதானே என்று அல்லாஹ் கண்டித்தான். இது புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் வருகிறது. நெருப்பால் தண்டிப்பது நெருப்பின் அதிபதிக்கு (இறைவனுக்கு) மட்டுமே உரியது என்ற ஹதீஸும் எறும்புப் புற்றை எரித்த சந்தர்ப்பத்தில் சொல்லப்பட்டதுதான். வழக்கம் மார்க்கத்தோடு மோதாதவரைக்கும்தான் வழக்கம், ஆகவே மண்ணெண்ணெய் வேண்டாம் என்று பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

வெயில் விஷயத்துக்குப் பழைய முன்மாதிரியே இருக்கிறது. பட்டுக்கூட்டை வெயிலில் காயவைத்தால் உள்ளே புழு சாகிறதே என்று பழங்கால மார்க்கச் சட்ட அறிஞர் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலிடம் கேட்டிருக்கிறார்கள். வேறு வழியில்லாமல், வதைக்கும் எண்ணமும் இல்லாமல் செய்தால் குற்றமில்லை என்றார். உங்கள் பாலித்தீனுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை, இருந்தாலும் உங்கள் ஹஸ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கத்தரிப்பாத்தி:
ஜஸாக்கல்லாஹ் பாய், மண்வெட்டி அண்ணனுக்கும் நன்றி. கடைசியாக ஒன்று, வெட்டுப்புழுவுக்குக் குருணை மருந்து போட்டால் சீக்கிரம் முடியாதா?

மண்வெட்டி:
கார்போஃபியூரான், போரேட் மாதிரிக் குருணைகளைச் சொல்கிறீர்கள் என்றால் வேண்டாம். பல நாடுகளில் தடை செய்தாயிற்று. விதை என்று நினைத்துப் பறவைகள் பொறுக்கித் தின்று செத்துப்போகும். கொண்டலாத்தி நீள அலகை மண்ணில் குத்தி வெட்டுப்புழு, கூட்டுப்புழு, பிள்ளைப்பூச்சி எல்லாம் எடுத்துத் தின்னும், கோடை உழவு போட்டுப் பாருங்கள், பின்னாலேயே வரும்.

ஹுத்ஹுத்:
என் பெயரைக் கவனித்தீர்களா அண்ணே? குர்ஆனில் சுலைமான் நபி (அலை) காலத்து ஹுத்ஹுத் அந்தக் கொண்டலாத்திதான். கொல்லக் கூடாது என்று நபி (ஸல்) தடுத்த நான்கில் அதுவும் ஒன்று, எறும்பும் தேனீயும் அதே பட்டியலில்.

கத்தரிப்பாத்தி:
சரி, குருணை வேண்டாம். இன்று ராத்திரி டார்ச்சோடு இறங்குகிறேன். எறும்புப் பக்கம் தோண்டிப் பார்த்துவிட்டுப் படம் போடுகிறேன்.