இரண்டு சின்னப் பிள்ளைகளோடு இங்கிலாந்து போகிறோம்: அன்றாட வீட்டு விஷயங்கள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அரசலாற்றங்கரை:

வணக்கம். கும்பகோணத்திலிருந்து அக்டோபர் கடைசியில் கிளம்புகிறோம். வீட்டுக்காரர் முன்னாடியே போய் ரெடிங்கில் இருக்கிறார், இப்போது ஒற்றை ரூமில். நாங்கள் போவதற்குள் வீடு பார்க்க வேண்டும். மூத்தவனுக்கு ஐந்தரை வயசு, இங்கே யூ.கே.ஜி. சின்னவளுக்கு இரண்டு முடியப்போகிறது. விசா, டிக்கெட் எல்லாம் ஆகிவிட்டது, அதைப் பற்றிக் கேட்கவில்லை.

போன பிறகு தினசரி ஓட வேண்டியதுதான் கவலை. ஸ்கூல் எப்படிச் சேர்ப்பது? அந்தக் குளிரில் மாவு புளிக்குமா, கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போகலாமா? பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? மாமனார் மாமியார் பேரனைப் பார்க்காமல் இருக்கமாட்டார்கள், எந்த நேரத்தில் பேசலாம்? "அங்க போனா தானா பழகிடும்" என்று சொல்லாமல் விவரமாகச் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

வெண்ணாறு:

முதலில் ஸ்கூல். மற்றதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது, இது இல்லை.

நம் ஊர் மாதிரி நேரே போய் ஃபீஸ் கட்டிச் சேர்க்க முடியாது. அரசுப் பள்ளி இலவசம். விண்ணப்பம் பெரும்பாலும் கவுன்சில் (உள்ளாட்சி நிர்வாகம்) வழியாக. வருஷ நடுவில் சேருவதற்கு 'இன்-இயர்' என்று தனி விண்ணப்பம் உண்டு. வயசுக் கணக்கு செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. அந்தக் கணக்கில் உங்கள் பையன் இயர் ஒன், அதாவது ஒன்றாம் வகுப்பு. யூ.கே.ஜி. பாதியில் நிற்கிறதே, ஒரு வகுப்பு கீழே போடுங்கள் என்று கேட்டால் அநேகமாக நடக்காது. அதைப் பற்றிக் கவலையும் வேண்டாம், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த நம் யூ.கே.ஜி. பிள்ளை அங்கே பின்தங்காது. கஷ்டம் வேறு இடத்தில் வரும்: தானே கோட் ஜிப் போடுவது, தானே டாய்லெட் போய்வருவது, ஸ்பூன், ஃபோர்க் பிடிப்பது. இந்த மூன்றையும் இங்கேயே பழக்கிவிடுங்கள்.

இங்கிலாந்தில் ரிசப்ஷன் (இயர் ஒன்னுக்கு முந்தைய வகுப்பு), இயர் ஒன், இயர் டூ வகுப்புகளில் ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். 30 நிரம்பிவிட்டால், எதிர் வீட்டிலேயே குடியிருந்தாலும் காத்திருப்போர் பட்டியல்தான். இரண்டு மைல் தள்ளி இடம் கொடுப்பார்கள். கைக்குழந்தையோடு மழையில் இரண்டு வேளை நடக்க வேண்டும். அதனால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கவுன்சிலுக்கு ஒரு போன்: இயர் ஒன்னில் எந்தெந்த ஸ்கூலில் இடம் காலி என்று கேட்கச் சொல்லுங்கள். வீட்டைப் பார்த்துவிட்டு ஸ்கூல் தேடுவது தலைகீழ்.

இயர் டூ முடியும்வரை அரசுப் பள்ளியில் மதியச் சாப்பாடு இலவசம். ஃபாரத்தில் 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதினால் முட்டை வரும், அவர்கள் கணக்கில் முட்டை சைவம். வேண்டாம் என்றால் தனியாக எழுதுங்கள். ஜெலட்டினையும் எழுதுங்கள்; ஜெல்லி, மார்ஷ்மெல்லோ, பிறந்தநாளுக்குக் கொடுக்கும் மிட்டாய் பலதில் அது இருக்கும். டப்பா கட்டிக் கொடுத்தால் கடலைச் சட்னி, கடலை மிட்டாய் ஆகாது, பல பள்ளிகளில் நட்ஸ் தடை. எள்ளும் ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பதால் இட்லிப் பொடி தடவி அனுப்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் லீவு. கல்யாணம், கும்பாபிஷேகம் என்று ஸ்கூல் நாளில் ஊருக்கு வந்தால் அபராதம் வரலாம்: ஒரு பிள்ளைக்கு, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. ஊர்ப் பயணத்தை ஸ்கூல் விடுமுறைக்குள் அடக்க வேண்டும் என்று தாத்தா பாட்டிக்கு இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள், பின்னால் மனஸ்தாபம் வராது.

சின்னவளுக்கு மூன்று வயசு முடிந்து, அடுத்த டெர்ம் தொடங்கும்போது வாரம் 15 மணி நேரம், வருஷத்தில் 38 வாரம் நர்சரி இலவசம். அதுவரை நூலகத்தில் குட்டிப் பிள்ளைகளுக்குப் பாட்டு நேரம் இருக்கும், காசில்லை. போங்கள். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் பிள்ளையைவிட உங்களுக்குத்தான் முதலில் பைத்தியம் பிடிக்கும்.

மன்னை அக்கா:

தங்கச்சி, மாவு விஷயத்தை நான் சொல்றேன். எல்லாரும் கிரைண்டரைப் பத்திக் கவலைப்படுவாங்க, பிரச்சினை கிரைண்டர் இல்ல, சூடு. நம்ம வீட்ல ராத்திரி கரைச்சு வச்சா காலைல மூடியைத் தள்ளிக்கிட்டு நிக்கும். அங்க நவம்பர்ல ராத்திரி ஹீட்டர் அணைஞ்சா அடுக்களை 16, 17 டிகிரி. அதுல ராத்திரி முழுக்க வச்சாலும் மாவு அசையாது, மேல தண்ணி பிரிஞ்சு அடியில அரிசி கெட்டியா உக்காந்துடும். மாவுக்கு வேண்டியது 28லேருந்து 32.

நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். ஊறவைக்கிற தண்ணியே வெதுவெதுப்பா இருக்கட்டும். இங்க மிக்ஸி சூடாகுதுன்னு ஐஸ் தண்ணி விடுவோமில்ல, அங்க அது வேணாம், குழாய்த் தண்ணியே ஜில்லுன்னு வரும். அரைச்சதும் உப்பைப் போட்டுக் கையாலயே நல்லாக் கலக்குங்க. பாத்திரம் பாதிதான் நிரம்பியிருக்கணும். அதை ஓவனுக்குள்ள வச்சு லைட்டை மட்டும் போட்டு மூடிடுங்க. பழைய குண்டு பல்பா இருந்தா அந்தச் சூடே போதும். எல்.இ.டி. பல்புன்னா சூடே வராது, அப்ப கீழ்த்தட்டுல கொதிக்கிற தண்ணியை ஒரு ட்ரேயில ஊத்தி வைங்க, படுக்கப் போறப்போ ஒரு தடவை மாத்துங்க. பன்னெண்டு மணி நேரத்துல பொங்கிடும். "லேசா 50 டிகிரியில வச்சா சீக்கிரம் ஆகுமே"ன்னு ஓவனைப் போட்டுடாதீங்க, ஓரமெல்லாம் வெந்து, புளிக்கிறதும் நின்னு போகும். ஓவன் ஸ்விட்ச் மேல "உள்ளே மாவு"ன்னு ஒரு சீட்டு ஒட்டுங்க. வீட்டுக்காரர் காலைல தூக்கக் கலக்கத்துல பீட்சா சூடு பண்ண அதைத் திருகிடுவார்.

பால் கேன் நீல மூடி முழுக்கொழுப்பு, பச்சை பாதி, சிவப்பு ஒண்ணுமில்லாதது. பாப்பாவுக்கு ரெண்டு வயசு முடியறவரை நீலம்தான். காபிக்கும் நீலம்தான், பச்சையில போட்டா கழுநீர். எவ்வளவு காய்ச்சினாலும் நம்ம ஊர் மாதிரி கெட்டியா ஆடை கட்டாது, அந்தப் பாலைப் பதப்படுத்துற விதம் அப்படி. தயிருக்கு உறைமோர் கொண்டுபோக முடியாது. 'லைவ்'னு போட்ட ப்ளெயின் யோகர்ட் ஒரு ஸ்பூன் போட்டு அதே ஓவன்ல வச்சா உறையும். ரெடிங் பக்கம் தண்ணியில சுண்ணாம்பு ரொம்ப ஜாஸ்தி. டிகிரி காபி ஃபில்டர் ஓட்டையில வெள்ளையா சுண்ணாம்பு அடைச்சு டிகாக்‌ஷன் இறங்காது. அப்பப்ப வினிகர் கலந்த வெந்நீர்ல ஊறப்போட்டுக் கழுவுங்க.

பெட்டியில நெய், பால்கோவா வைக்காதீங்க, பால் பொருள் கொண்டுபோகத் தடை. வத்தல், வடாம், சாம்பார் பொடி, காபிப் பொடி தாராளமா. திருச்சியிலேருந்து துபாய் வழியாப் போறீங்கன்னா கசகசா ஒரு பொட்டலம்கூட வேணாம், அங்க அது போதைப் பொருள் கணக்கு.

குடமுருட்டி:

அக்கா சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கிரைண்டர் வேண்டாம், பத்துக் கிலோவுக்கு மேல் பெட்டி எடையைத் தின்னும், அங்கே தமிழ்க் கடைகளிலும் கிடைக்கிறது. மிக்ஸி கொண்டுபோகலாம். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் தேவையில்லை.

ப்ளக் மட்டும் மாற்ற வேண்டும். டிராவல் அடாப்டரில் மிக்ஸியை ஓட்டாதீர்கள். அதிர்வில் பின் தளர்ந்து பொறி பறக்கும், பிளாஸ்டிக் உருகும். அங்கே மூன்று சதுரப் பின் ப்ளக் வாங்கி வயரை மாட்டிக்கொள்ளலாம். நம் ஊர் பழைய வயரில் சிவப்பு லைன், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். அங்கே பிரவுன் லைன், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். லைன் வயர் ஃப்யூஸ் இருக்கும் பக்கத்துப் பின்னில் போக வேண்டும். அங்கே ஒவ்வொரு ப்ளக்குக்குள்ளும் ஒரு ஃப்யூஸ் உண்டு. வாங்கும்போது பெரும்பாலும் 13 ஆம்பியர் போட்டிருக்கும். 750 வாட் மிக்ஸி ஓடும்போது மூன்றரை ஆம்பியருக்குள்தான் இழுக்கும், மோட்டார் கிளம்பும்போது கொஞ்சம் கூடும், 5 ஆம்பியர் பொருத்தம். வயரைப் பிடிக்கும் கவ்வியை இறுக்க மறந்தால் ஒரு நாள் இழுப்பில் எர்த் கழன்றுவிடும். பழக்கமில்லாதவர் செய்ய வேண்டாம்.

அரசலாற்றங்கரை:

ரொம்ப நன்றி. ஓவன் லைட் விஷயம் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. இங்கே டாக்டர் எழுதிய காய்ச்சல் சிரப் இரண்டு பாட்டில் எடுத்துவைத்திருக்கிறேன், கொண்டுபோகலாமா? சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விடச் சொல்லி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள், விட வேண்டுமா?

கொள்ளிடக்கரை:

சிரப் முதலில். நம் ஊர் பாரசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மி.கி., 125, 250 என்று பல உண்டு. சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மி.கி. அங்கே ஆறு வயசுக்குக் கீழே விற்பது 5 மில்லிக்கு 120. அளவு மில்லியில் மனப்பாடமாகி, அதே 5 மில்லியை 250 பாட்டிலிலிருந்து ஊற்றினால் மருந்து இரண்டு மடங்கு. எடுத்துப்போவதானால் ஒரே ஒரு பாட்டில், லேபிள் கிழியாமல். அது முடிந்ததும் அங்கத்தையதுக்கு மாறிவிடுங்கள், இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். ஆன்டிபயாடிக் சிரப்பை மூட்டை கட்ட வேண்டாம்.

போய்ச் சேர்ந்த வாரத்திலேயே வீட்டருகே ஜி.பி. (குடும்ப டாக்டர்) கிளினிக்கில் நால்வரையும் பதிவு செய்யுங்கள். காய்ச்சல் வந்த பிறகு பதியப் போனால் அன்று டாக்டரைப் பார்க்க முடியாமல் போகலாம். தடுப்பூசி அட்டையில் உள்ளதை ஒரு தாளில் டைப் செய்து, மாதத்தை எழுத்தில் எழுதி வையுங்கள். நம் அரசு அட்டவணைப்படி போட்டிருந்தால் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா ஊசி) இருக்கும், அதில் பொன்னுக்கு வீங்கி சேராது; அங்கே அதுவும் சேர்ந்த ஊசி போடச் சொல்வார்கள், போட்டுக்கொள்ளலாம். சாதாரணச் சளிக்கு டாக்டர் "வைரஸ், தண்ணீர் நிறையக் கொடுங்கள்" என்றுதான் அனுப்புவார். அலட்சியம் என்று நினைக்க வேண்டாம், அவர்கள் முறை அது. ராத்திரியில் சந்தேகம் என்றால் 111-க்கு போன் செய்யுங்கள். மூச்சுத் திணறல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத சோர்வு என்றால் 999. வைட்டமின் டி சொட்டு மருந்து இரண்டு பிள்ளைக்கும் தினம் 10 மைக்ரோகிராம். நம் தோல் நிறத்துக்கு வருஷம் முழுக்கக் கொடுக்கலாம்.

எண்ணெய்க் குளியலை விட வேண்டாம், இடத்தைப் புரிந்துகொண்டு செய்யுங்கள். அங்கே பாத்ரூம் தரையில் தண்ணீர் போக வழியே இருக்காது. நம் வழக்கத்தில் தொட்டிக்கு வெளியே நிற்கவைத்து மொண்டு ஊற்றினால் தண்ணீர் தரை விளிம்பில் இறங்கிக் கீழ் அறைக் கூரையில் பழுப்பு வட்டமாக நிற்கும், அட்வான்ஸில் பிடிப்பார்கள். எல்லாக் குளியலும் தொட்டிக்குள்தான். எண்ணெய் தேய்த்தால் தொட்டி வழுக்கும், உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் விரிப்பு கட்டாயம் வேண்டும். தண்ணீர் விடுவதற்கு முன் உடம்பு எண்ணெயை டிஷ்யூ பேப்பரால் ஒற்றிக் குப்பையில் போடுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். குழாய்க்குள் போய்க் கட்டியானால் பிளம்பர்தான். அந்த வகையில் நல்லெண்ணெய் மேல். தாளிக்கும்போது அடுக்களைக் கதவைச் சாத்தி ஃபேனைப் போடுங்கள், ஒரு காய்ந்த மிளகாய் போதும் ஸ்மோக் அலாரம் கத்த. அலாரத்தைத் துணியால் மூடாதீர்கள். ஈரத்துணியை அறைக்குள் காயப்போட்டு ஜன்னலையும் பூட்டினால் மாதக் கடைசியில் சுவர் மூலையில் கரும்பூஞ்சை. தினம் பத்து நிமிஷம் ஜன்னலைத் திறக்க வேண்டும், குளிர்கிறது என்றாலும்.

உடுப்பில் ஒன்றுதான்: பெரிய ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லியதாக மூன்று. கார் சீட்டில் உட்கார்த்தும்போது பஞ்சு வைத்த கோட்டைக் கழற்றிவிட்டு பெல்ட் போடுங்கள், கோட்டோடு போட்டால் பெல்ட் உடம்பைப் பிடிக்காது.

வெட்டாறு:

பேசும் நேரத்தை யாரும் தொடவில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும்; அதுவரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி வித்தியாசம், அப்புறம் மார்ச் கடைசி ஞாயிறுவரை ஐந்தரை. ஸ்கூல் மூன்றேகாலுக்கு விட்டால் இங்கே குளிர்காலத்தில் இரவு எட்டே முக்கால். பையன் வீடு வந்து, கோட்டைக் கழற்றி, ஏதாவது தின்பதற்குள் இங்கே ஒன்பதரை, தாத்தா படுத்திருப்பார். அதனால் குளிர்காலத்தில் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏழேகால் என்றால் இங்கே பன்னிரண்டே முக்கால், பேரன் டிபன், தாத்தா சாப்பாடு. ஏப்ரலுக்கு மேல் சாயங்காலம் சரிப்படும்.

"சாப்பிட்டியா, என்ன சாப்பிட்ட" என்று மட்டும் கேட்டால் இந்த வயசுப் பிள்ளை இரண்டு நிமிஷத்தில் ஓடிவிடும். தாத்தா எதையாவது காட்ட வேண்டும்: கொல்லையில் வாழை குலை தள்ளியது, வாய்க்காலில் தண்ணீர் வந்தது. சின்னவளுக்குப் பாட்டி ஒரே பாட்டைத் தினமும் பாடினாலே போதும்.

போனதும் முதல் நாலைந்து நாள் பிள்ளைகள் சாயங்காலம் நாலு மணிக்கே சாய்ந்து, விடிகாலை இரண்டு மணிக்கு எழுந்து விளையாடும். மத்தியானம் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே கூட்டிப்போய், தூங்கும் நேரத்தைத் தினம் ஒரு மணியாகத் தள்ளுங்கள். இரவில் எழுந்தால் விளக்கைப் போடாமல், டி.வி. போடாமல், தயிர்சாதம் ஒரு கை கொடுத்துப் படுக்கவையுங்கள். அங்கே டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், இந்தப் பழக்கம் அப்போதும் கைகொடுக்கும்.

தமிழுக்கு: ஸ்கூல் ஃபாரத்தில் வீட்டு மொழி தமிழ் என்றே எழுதுங்கள். ஆங்கிலம் பிந்திவிடும் என்று பயந்து வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறினால், ஸ்கூல் தருவதைவிட நல்ல ஆங்கிலமும் வராது, தமிழும் போய்விடும். மூத்தவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். திட்டாமல் நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். தங்கையோடு அவன் எந்த மொழியில் பேசுகிறான் என்று கவனியுங்கள், சின்னவள் தமிழ் அதைப் பொறுத்தது. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் ஈழத்தமிழர்கள் நடத்துவது நிறைய உண்டு, முன்பே விசாரித்துவையுங்கள்.

அரசலாற்றங்கரை:

எல்லாருக்கும் நன்றி. அலுமினிய இட்லிப் பானை, குக்கர் இரண்டும் பெட்டியில் வைத்தாகிவிட்டது, அதாவது சரிதானே?

குடமுருட்டி:

வரப்போகும் வீட்டில் அடுப்பு கேஸா, இண்டக்‌ஷனா என்று கேட்டுவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள். இண்டக்‌ஷன் என்றால் அலுமினியம் சூடே ஆகாது. பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் எடுத்துப் போங்கள், ஒட்டாவிட்டால் மாமியார் வீட்டிலேயே இருக்கட்டும்.