லடாக் ஆட்டுப்பட்டி: கூரையில் வலை இருந்தும் பனிச்சிறுத்தை நுழைவது எப்படி?

மந்தைவெளி_கேள்வி:
ஹெமிஸ் பக்கத்து ஊர் ஒன்றில் 40 உருப்படி அடையும் கல்பட்டி. சுவர் 5 அடி, மேலே செயின்லிங்க் கம்பி வலை. அப்படியும் பனிச்சிறுத்தை உள்ளே இறங்கி ஒரே இரவில் பத்துப் பன்னிரண்டைக் கொன்றுவிடுகிறது, தின்பதென்னவோ ஒன்றைத்தான். வலையை எடுத்துவிட்டுத் தகரம் போடலாமா?

கல்வரப்பு:
தகரம் வேண்டாம். பனிக்காலத்தில் மூச்சாவி தகரத்தில் படிந்து சொட்டும். குட்டிகளுக்குச் சளி கட்டும். வலையே போதும், கோளாறு அநேகமாக ஓரத்தில்தான். வலையைச் சுவர்மேல் போட்டுக் கல்லை வைத்து அழுத்தியிருப்பார்கள். 40 கிலோ எடையுள்ள பூனை அந்தக் கல்லைத் தள்ளிவிட்டுத் தலையை நுழைக்கும். தலை போனால் உடம்பும் போகும்.

சுவர் உச்சியில் சுற்றிலும் பாப்லர் மரக்கட்டையைப் பதியுங்கள். வலையை அதன்மேல் ஓரடி மடித்து, சாணுக்கு ஒரு யூ ஆணி அடியுங்கள். வலைக்கண் 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். 2 மீட்டருக்கு ஓர் உத்திரம், நடுவில் முட்டுக்கால். இல்லையென்றால் பனி கனத்து வலை தொட்டிலாகத் தொங்கி ஓரத்தில் பிய்யும். கதவுப் பலகை காய்ந்தால் சுருங்கும், ஆகவே நிலைக்கு வெளியே இரண்டு விரல் ஏறி உட்காரும்படி செய்யவும்.

பத்து சாவதற்குக் காரணம் வெறியல்ல. மலையில் ஒன்று விழுந்ததும் மற்றவை ஓடிவிடும். பட்டியில் ஓட வழியில்லாமல் முன்னாலேயே சுற்றுவதால் அது அடித்துக்கொண்டே இருக்கிறது.

சாங்கு:
பட்டி இரவுக்கு மட்டும்தான். பகல் மேய்ச்சலில் யாக் கன்றும் குதிரைக்குட்டியும் போவதை வலை தடுக்காது, ஓநாயும் அங்கேதான் அடிக்கும். இமாச்சலத்தின் ஸ்பிதியிலுள்ள கிப்பர் ஊரில் 2002 முதல் நடக்கும் காப்பீட்டு ஏற்பாடு பொருந்தும்: மந்தைக்காரர்களே தவணை கட்டுவார்கள், ஊர்க்குழுவே சாவைச் சரிபார்த்து இழப்பீடு கொடுக்கும்.

சரிபார்க்கத் தோலை உரிக்க வேண்டும். தொண்டையில் கோரைப்பல் துளையும் தோலுக்கடியில் ரத்தக்கட்டும் இருந்தால் அடித்தது சிறுத்தை. பின்தொடை கிழிந்திருந்தால் ஓநாயோ ஊர்நாயோ. ரத்தக்கட்டே இல்லையா, செத்த பிறகு தின்றது. அதற்குப் பணம் கொடுத்தால் நிதி கரைந்துவிடும்.

நீலஆடு:
“காட்டிரை பெருகினால் மந்தை தப்பும்” என்று யாராவது சொல்லுமுன் ஒன்று. கிப்பரில் மேய்ச்சலை நிறுத்தி நிலம் ஒதுக்கியதும் சிறுத்தையின் காட்டிரையான நீலச்செம்மறி கூடியது உண்மை. ஆனால் இரை கூடினால் சிறுத்தையும் கூடும், மந்தை இழப்பு தானாகக் குறையாது. 2019–23 கணக்கெடுப்பில் நாட்டின் 718 பனிச்சிறுத்தைகளில் 477 லடாக்கில்தான். நில ஒதுக்கீடு, பட்டி, காப்பீடு மூன்றையும் சேர்த்தே செய்யுங்கள்.

மந்தைவெளி_கேள்வி:
கோடை முகாமில் மரமே கிடையாதே?

கல்வரப்பு:
ஒன்றரை அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் கழற்றி மாட்டும் சட்டம் செய்து யாக் முதுகில் ஏற்றலாம். ஆனால் முதலில் ஊர்ப் பட்டியை முடியுங்கள். பனி சுவரோரம் குவிந்தால் 5 அடி 2 அடியாகிவிடும், வாரத்துக்கு ஒருமுறை வெட்டித் தள்ளுங்கள்.