பழைய ஜி.ஹெச்., புது டவர் பிளாக்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

பார்க்டவுன் செல்வி:
நானே ஆரம்பிக்கிறேன். சென்னை ஜி.ஹெச்., அதான் சென்ட்ரல் எதிர்ல இருக்கிற அரசு பொது மருத்துவமனை, அதோட பழைய கட்டடத்தை இடிக்கிறதுக்குக் கொஞ்ச காலம் முன்னாடி அப்பாவை அங்க சேர்த்திருந்தோம். கிட்னி பிரச்சினை. ஓ.பி. வரிசை, பாஸ், ராத்திரி வராண்டா எல்லாம் உங்களுக்கே தெரியும். அப்பா ரயில்வேல கூட்ஸ் கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவர். வார்டு ஜன்னல் பெரிசு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் சென்ட்ரல். கண்ணை மூடிப் படுத்திருப்பார். ஊதுற சத்தம் கேட்டதும் “திருவனந்தபுரம் மெயில் கிளம்பிடுச்சு, மாத்திரையைக் கொடு”ம்பார்.

சில வருஷம் கழிச்சு மறுபடி அட்மிஷன், இந்தத் தடவை அதே இடத்துல புதுசா கட்டின டவர் பிளாக். தனிக் கட்டில், சுவத்துலயே ஆக்சிஜன், லிஃப்ட். குறையே சொல்ல முடியாது. முதல் நாள் ராத்திரி என் கையைப் பிடிச்சு “மெயில் இன்னும் போகலையா?”ன்னு கேட்டார். மணி பத்தாகப் போகுது. என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. புதுக் கட்டடம் வேண்டாம்னு நான் சொல்லல. அந்தக் கேள்விதான் போக மாட்டேங்குது.

மருதம்77:
செல்விக்கா, அப்பா விஷயம் மனசைப் பிசையுது. ஆனா பழைய கட்டடம்னாலே எல்லாரும் ஜன்னல், வராண்டா, காத்தோட்டம்னு பேசுறதை என்னால ஏத்துக்க முடியல. நான் சொல்றது சென்னை இல்ல, வேற மாவட்டத்துப் பெரியாஸ்பத்திரி, பேர் வேண்டாம். அதுவும் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், உசரமான கூரை, பார்க்க அவ்வளவு அழகு. என் அத்தை ரெண்டு கட்டிலுக்கு நடுவுல தரையில பாய் விரிச்சுப் படுத்திருந்தாங்க. ஹவுஸ் சர்ஜன், அதான் பயிற்சி டாக்டர், ஒரு பொண்ணு, என் தங்கச்சி வயசுதான் இருக்கும், முட்டி போட்டு உக்காந்து நரம்பு தேடுது. டிரிப்ஸ் பாட்டில் ஜன்னல் கம்பியில கட்டியிருக்கு. ஊசி ஏறினதும் அந்தப் பொண்ணு எழுந்திருக்க முடியாம அத்தை தோளையே பிடிச்சு எழுந்துச்சு. அத்தை “பாத்துடா கண்ணு”ன்னாங்க. அந்தத் தரையில படுத்தவங்களைக் கேட்டா இடிச்சுட்டு ஒழுங்கா கட்டுங்கன்னுதான் சொல்வாங்க.

வெள்ளைக்கோட்டு:
நான் எம்.எம்.சி. மாணவன், ஜி.ஹெச்.சோட சேர்ந்த சென்னை மருத்துவக் கல்லூரி. எங்க புதுக் கல்லூரிக் கட்டடம் பழைய சென்ட்ரல் ஜெயில் இருந்த இடத்துல இருக்கு. 1837ல கட்டின ஜெயில். 2006ல கைதிகளைப் புழலுக்கு மாத்தி, அப்புறம் இடிச்சாங்க. வார்டுல கேஸ் எடுக்கும்போது ஒரு தாத்தா. “இதுக்கு முன்னாடி இங்க இருந்திருக்கீங்களா?”ன்னு கேட்டேன், வழக்கமான கேள்விதான். “இருந்தேன் தம்பி, பக்கத்துல. ரெண்டு வருஷம்”னார். எந்த வார்டுன்னு கேட்டேன். சிரிக்கல, கோவப்படல. “நீங்க படிக்கிற இடத்துலப்பா”ன்னார். கேஸ் ஷீட்ல என்ன எழுதறதுன்னு பேனாவைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். இப்பவும் லெக்சர்ல உக்காந்தா அவர் ஞாபகம்தான். 1664லேர்ந்து அதே இடத்துல நிக்கிற ஆஸ்பத்திரி, அதைச் சுத்தி என்னென்ன வாழ்க்கை ஓடியிருக்கோ.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
தம்பி, ஒரு திருத்தம். 1664ல தொடங்கினது கோட்டைக்குள்ள, கிழக்கிந்தியக் கம்பெனியோட நோயாளிச் சிப்பாய்களுக்காக. இப்போ இருக்கிற இடத்துக்கு வந்தது 1772ல. காலேஜ் 1835ல மெடிக்கல் ஸ்கூலா தொடங்குச்சு. 1875லயே அங்க பொண்ணுங்களைச் சேர்த்துக்கிட்டாங்க, மேரி ஷார்லீப் அதுல ஒருத்தர். முத்துலட்சுமி ரெட்டி படிச்சதும் அங்கதான். இதையும் சேர்த்துச் சொல்லுங்க.

என் சம்பவம் சின்னது. விபத்துல வந்த பையன். அவன் அம்மா கையில ஒரு பேப்பர் கிடையாது. அந்தம்மா சீட்டு வாங்க ஓடினாங்க. நான் அவங்க முந்தானையைப் பிடிச்சு நிறுத்தி “பையன் கூட நில்லும்மா”ன்னேன். அந்தப் புடவை கையில கிழிஞ்சிடுச்சு, அவ்வளவு பழசு.

அதனால எல்லாருக்கும் சொல்றேன். அவசரம்னா ஓ.பி. வரிசைக்குப் போகவே வேண்டாம், நேரா அவசரப் பிரிவு, ஜி.ஹெச்.ல அதை ஜீரோ டிலே வார்டுன்னு சொல்வாங்க. 108ல வர்றது நல்லது, வழியிலயே சிகிச்சை தொடங்கிடும். தமிழ்நாட்டு எல்லைக்குள்ள விபத்துன்னா முதல் 48 மணி நேரம் இலவசமா பார்க்கிற திட்டம் 2021 டிசம்பர்லேர்ந்து இருக்கு, அதுல சேர்ந்திருக்கிற தனியார் ஆஸ்பத்திரியிலயும் செல்லும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவங்க உடம்பு நல்லா இருக்கும்போதே எடுத்து வையுங்க. ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. கிட்ட வருமானச் சான்று. ஆளைப் படுக்க வச்சுட்டு அலையறவங்களை எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன். டிஸ்சார்ஜ் சம்மரியை மடிக்காம ஒரு கவர்ல போடுங்க, ஜெராக்ஸ் தனியா. சாப்பிடுற மாத்திரைப் பட்டையையே கொண்டு வாங்க, “வெள்ளை மாத்திரை”ன்னு சொன்னா டூட்டி டாக்டர் என்ன செய்வார்? கூட ஒரே ஆள் இருங்க. சர்க்கரை இருக்கிறவங்க அதை முதல் வார்த்தையா சொல்லுங்க.

மருதம்77:
சிஸ்டர், மாத்திரைப் பட்டை விஷயம் எங்க வீட்டுக்கே வேணும். நன்றிம்மா.

கஞ்சித்தொட்டிப் பேரன்:
வடசென்னைக்காரங்க யாரும் எழுதலையா? ஸ்டான்லியை எங்க ஆயா கடைசி வரைக்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான் சொல்லும். 1782 பஞ்சத்துல கஞ்சி ஊத்தின சத்திரத்துலேர்ந்து வளர்ந்தது அது.

என் சம்பவம் ஓமந்தூரார் ஆஸ்பத்திரியில. தலைமைச் செயலகத்துக்குன்னு கட்டி, 2014ல ஆஸ்பத்திரியா மாத்தின கட்டடம். அப்பாவுக்கு இதயப் பரிசோதனை. பக்கத்துல உக்காந்திருந்த பெரியவர் அந்தக் கட்டட வேலையில சித்தாளா இருந்தவராம். “நான் சுமந்த செங்கல்லு”ன்னு தூணைத் தடவினார். அப்புறம் அவர் பேரைக் கூப்பிட்டாங்க, செருப்பைக் கழட்டி வச்சுட்டு உள்ள போனார். கழட்டச் சொல்லி யாரும் சொல்லல.

மருதம் அண்ணே, உங்க அத்தைக்குக் கிடைக்காதது கட்டில். அதுக்குப் பழைய சுவரைக் கோவிச்சு என்ன ஆகும்? எம்.எம்.சி.யோட சிவப்புக் கட்டடம், ரெட் ஃபோர்ட், இன்னும் நிக்குது. ஓமந்தூரார்ல வேற வேலைக்குக் கட்டினதையே ஆஸ்பத்திரியா மாத்த முடிஞ்சுதே. கட்டில் எண்ணிக்கையையும் நர்ஸ் எண்ணிக்கையையும் கேளுங்க, நானும் சேர்ந்து கேக்குறேன்.